மறுமொழி: இரட்டைக் குறுவாளா, இணைக்குறுவாளா?

அன்பு நண்பர்களுக்கு,

கைக்கு ஒன்றாக ஜோடியாகப் பிடிக்கும் 'பட்டர்ஃபிளை ஸ்வார்ட்' என்ற தென்சீனக் குட்டை வாள்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். 'வண்ணத்துப்பூச்சி வாள்' வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். இந்த ஆயுதத்துக்கு அங்கே அப்படியொரு பெயர் இருந்தாலும், இங்கே கேட்பவருக்கு பிலிப்பைன்ஸ் மடக்குக் கத்திதான் நினைவுக்கு வரும். விங் சுன் என்ற தென்சீனத் தற்காப்புக் கலைக்காரர்கள் சொல்லும் 'பாட் சாம் டோ'வுக்கு எட்டு வெட்டுக் கத்தி என்று பொருள். அது அவர்கள் இந்தக் கத்திகளோடு ஆடும் பயிற்சி வரிசைக்கும் பெயர், பொதுப்பெயராக ஒட்டாது.

மிச்சம் 'இரட்டைக் குறுவாள்'. போன வாரம் வரை எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. சிலம்பத்தில் இரட்டைக் கம்பு இருக்கிறதே என்று உங்களில் ஒரு ஐயா எழுதியதும் நியாயமாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் பயிற்சி முடித்து, கூர் இல்லாத அலுமினியக் கத்திகளை உறையில் செருகினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. அமுக்கிப் பார்த்தேன், நகரவில்லை. "இடதும் வலதும் மாத்திப் போட்டுட்ட வாத்யாரே" என்றான் பக்கத்துப் பையன். ஒவ்வொரு பிடியும் ஒரு பக்கம் தட்டை. தட்டையோடு தட்டை ஒட்டினால்தான் இரண்டும் ஒரே உறைக்குள் இறங்கும். செருப்பு மாதிரி. இரட்டைக் கம்பில் எந்தக் கம்பும் எந்தக் கைக்கும் போகும், இதில் போகாது. செருப்பை 'ஒரு ஜோடி' என்போம், 'இரட்டைச் செருப்பு' என்பதில்லையே.

எங்கள் பசங்க வாயில் ஏற்கெனவே 'ஜோடிக் கத்தி'தான். பேச்சுக்கு அதுவே போதும். ஆனால் "கத்தி கிளாசுக்குப் போறேன்" என்று ஒருவன் வீட்டில் சொல்லிவிட்டு, அவங்க அம்மாவைச் சமாதானப்படுத்த நான் போக வேண்டியதாயிற்று. எங்கள் பக்கம் கத்தி என்றால் ஸ்டேஷன் வாசம் வரும்.

ஆகவே என் ஓட்டு 'இணைக்குறுவாள்'. நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். 'இணைகோடு' போல வினைத்தொகையாக்கினால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வாள் என்று படித்துவிடுவார்கள். இங்கே இணை என்றால் ஜோடி, அவ்வளவுதான்.

பிடியில் விரல் மொளியை மறைக்கும் அந்த வளைந்த கம்பிக்கு இன்னும் சொல் சிக்கவில்லை. 'கைக்காப்பு' என்றால் வளையல். 'முட்டிக்காப்பு' என்று கேட்டால் கடைக்காரர் நீ-கேப்பை எடுத்து நீட்டுவார். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.