ஆர்டிஎஸ் கேல் (ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துவதற்கான உரிமம்) வாங்கியும் 60 நிமிடத்தில் செஷன் துண்டாகிறது, உதவி தேவை

மில்_ஐடி:
வணக்கம். எங்கள் மில்லில் விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட். இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் 12 கோர். ஹைப்பர்-வியில் (ஒரே சர்வருக்குள் பல சர்வர் ஓட்டும் வசதி) இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி): ஒன்றில் ஈஆர்பி (நிர்வாக மென்பொருள்) டேட்டாபேஸ், இன்னொன்றில் மற்றக் கணினிகளிலிருந்து நுழைந்து வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப். டொமைன் (எல்லாப் பயனர் கணக்கையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, கணினிக்குக் கணினி தனிக் கணக்கு உள்ள வொர்க்குரூப்தான்.

முதல் நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் லைசென்ஸ் சர்வர் இல்லை என்று சொல்லி யாரையும் உள்ளே விடவில்லை. விற்பனையாளர் சொன்னபடி 25 ஆர்டிஎஸ் யூசர் கேல் வாங்கிப் போட்டோம். இப்போது உள்ளே விடுகிறது. ஆனால் லைசென்சில் சிக்கல், 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்று ஒரு அறிவிப்பு வருகிறது, அதேபோல் துண்டித்தும் விடுகிறது. லைசென்சிங் மேனேஜரில் சர்வர் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, 25 கேலும் தெரிகின்றன. மூன்று ஷிஃப்டில் சுமார் 60 பேர், 22 கணினி. எங்கே கோளாறு?

குறுக்குவழி:
ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் இடம்) கிரேஸ் பீரியட் கீயை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க பாஸ். மறுபடி 120 நாள் கிடைக்கும். பாதி ஊர் இப்படித்தான் ஓடுது.

பழைய_அட்மின்:
அதைச் செய்யாதீர்கள். 120 நாள் என்பது லைசென்ஸ் வாங்கி அமைக்கக் கொடுக்கும் அவகாசம். ஆடிட் வந்தால் பதில் சொல்லப்போவது குறுக்குவழி இல்லை, உங்கள் நிர்வாகம். தவிர, காசு கொடுத்து கேல் வாங்கியவருக்கு இந்த வேலையே தேவையில்லை.

மில்_ஐடி, கோளாறு கேல் வகையில். யூசர் கேல் யாருக்குப் போகிறது என்ற கணக்கை டொமைனின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள பயனர் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வொர்க்குரூப்பில் அந்த டைரக்டரியே இல்லை. சர்வர் 2019 முதல் இந்தக் கூட்டணிக்கு 60 நிமிடம்தான் அனுமதி. எத்தனை யூசர் கேல் வாங்கிப் போட்டாலும் இது மாறாது.

இரண்டு வழி உண்டு: டொமைன் அமைப்பது, அல்லது டிவைஸ் கேலுக்கு மாறுவது. உங்களுக்கு டிவைஸ்தான் சரி, அதுவும் வொர்க்குரூப் காரணத்துக்காக மட்டும் இல்லை. யூசர் கேல் என்றால் ஆளுக்கு ஒன்று, 60 பேருக்கு 60 வேண்டும். கையில் இருப்பது 25. டிவைஸ் கேல் கணினிக்கு ஒன்று. மூன்று ஷிஃப்டும் அதே 22 கணினியில் உட்காருவதால் 22 போதும். ஷிஃப்ட் வேலை என்று தெரிந்தும் யூசர் கேலை விற்றவரை என்ன சொல்ல!

புதிதாக வாங்க வேண்டாம். லைசென்சிங் மேனேஜரிலேயே கேலை மாற்ற வழி இருக்கிறது. அங்கே முடியாவிட்டால் கேல்களைப் பதிவு செய்து வழங்கும் மைக்ரோசாஃப்ட் கிளியரிங்ஹவுஸைத் தொடர்பு கொள்ளுங்கள். அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப் விஎம்மில் லோக்கல் குரூப் பாலிசியைத் திறந்து, செஷன் ஹோஸ்டின் கீழே லைசென்சிங் பகுதியில் இரண்டையும் அமையுங்கள்: லைசென்ஸ் சர்வரின் பெயர், லைசென்சிங் மோட் 'பெர் டிவைஸ்'. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

மில்_ஐடி:
மிக்க நன்றி சார். ஒரு சந்தேகம். எல்லோரையும் ஒரே லாகினில் நுழையச் சொன்னால் ஒரு யூசர் கேல் போதும் என்று கணக்குப் பிரிவில் ஒருவர் சொல்கிறார்...

பழைய_அட்மின்:
போதாது. லாகின் பெயரை எண்ணுவதில்லை, பயன்படுத்தும் ஆளையோ கருவியையோதான் எண்ணுகிறார்கள். நடுவில் ஒரு பொது லாகினோ வெப் பக்கமோ வைத்தாலும் கேல் எண்ணிக்கை குறையாது. மைக்ரோசாஃப்ட் இதை மல்டிபிளெக்சிங் என்று சொல்லி, விதிகளிலேயே அடைத்துவிட்டது.

இன்னொன்று, ஆர்டிஎஸ் கேல் என்பது சர்வரை அணுகவே தேவைப்படும் சாதாரண விண்டோஸ் சர்வர் கேலுக்கு மேல் கூடுதலாக வாங்குவது. அந்த 22 கணினிக்கும் சர்வர் கேல் இருக்கிறதா? அது இல்லையென்றால் எந்த எரர் மெசேஜும் வராது. இரண்டும் 2022-க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ உரியதாக இருக்க வேண்டும். 2019 கேல் செல்லாது.

ரேக்_ரூம்:
கோர் கணக்கையும் பாருங்கள். 24 கோருக்கும் விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் வேண்டும். பெரும்பாலும் 16 கோர் லைசென்ஸ் பேக்கோடு சர்வரை அனுப்பிவிடுவார்கள். உங்களிடமும் அப்படி என்றால் 8 கோர் குறைகிறது, 2 கோர் கொண்ட பேக் நான்கு வாங்க வேண்டும். ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கும் அசல் சர்வர்) ஹைப்பர்-வி தவிர வேறு ஏதாவது ஓடுகிறதா?

மில்_ஐடி:
பில்லில் 16 கோர்தான் போட்டிருக்கிறது. ஹோஸ்ட்டில் ஒரு ஷேர் ஃபோல்டர் இருக்கிறது, ஸ்கேன் ஃபைல்களுக்கு.

ரேக்_ரூம்:
அதை விஎம்முக்குள் மாற்றிவிடுங்கள். எல்லாக் கோருக்கும் லைசென்ஸ் போட்டால் ஸ்டாண்டர்டில் இரண்டு விஎம் ஓட்டலாம். ஆனால் ஹோஸ்ட் அந்த விஎம்களை நடத்தும் வேலையை மட்டுமே செய்ய வேண்டும். ஷேர் ஃபோல்டர் வைத்தால் ஒரு விஎம்முக்குத்தான் உரிமை. டொமைன் வேண்டாம் என்று பழைய_அட்மின் சொன்னதில் இந்த லாபமும் உண்டு. டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்கு மூன்றாவது விஎம் என்றால் 24 கோருக்கும் இன்னொரு முறை முழுசாக லைசென்ஸ் வாங்க வேண்டும்.

மில்_ஐடி:
டிவைஸ் கேலுக்கு மாற்றியாச்சு. 60 நிமிட அறிவிப்பு நின்றுவிட்டது. கோர் பேக்குக்கும் சர்வர் கேலுக்கும் விலை கேட்டிருக்கிறேன். ஆனால் லைசென்சிங் மேனேஜரில் சில கணினிகளுக்கு 'டெம்ப்ரரி' என்று காட்டுகிறதே?

பழைய_அட்மின்:
முதல் முறை நுழையும் கணினிக்கு 90 நாள் தற்காலிக கேல்தான் கிடைக்கும். அடுத்த முறை இணையும்போது நிரந்தர கேல் தானாக ஏறும், அந்தக் கணினிகளை ஒருமுறை லாக் ஆஃப் செய்து திரும்ப நுழையச் சொல்லுங்கள். மீதி 3 கேலைச் சும்மா விடாதீர்கள், மில் மேனேஜர்கள் வீட்டிலிருந்து லேப்டாப்பில் நுழைந்தால் அதுவும் ஒரு டிவைஸ்தான்.