விரிதாளில் இரவு வேலை நேரம்: கழித்தால் ####, கூட்டினால் 3:00

கேள்வி: வெதுப்பகக் கணக்கு (கொக்குவில்)

அனைவருக்கும் வணக்கம். மாமா நடத்தும் வெதுப்பகத்தின் சம்பளக் கணக்கைச் சென்ற மாதம் முதல் நான் பார்த்து வருகிறேன். கொப்பியில் எழுதிக் கூட்டி வந்ததை எக்செல் விரிதாளுக்கு மாற்றப் போய், இப்போது கொப்பியே மேல் என்று மாமா சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பாண் போடுகிறவர்கள் இரவு ஒன்பதரைக்கு மா குழைக்கத் தொடங்கி, அதிகாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பி நிரலில் வந்த நேரம் 21:30 என்றும் சி நிரலில் போன நேரம் 5:00 என்றும் பதிந்து, டி நிரலில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், கலத்துக்குள் வேலி அடைத்தாற்போல #### என்றே வருகிறது. நிரலை எவ்வளவு அகலமாக்கினாலும் அது போகவில்லை. சரி, நாளொன்றுக்கு 7:30 என்று கையாலேயே பதிந்து 26 நாள்களையும் கூட்டினேன். 195 மணித்தியாலம் வரவேண்டிய இடத்தில் 3:00 என்று வந்தது. அதை மணித்தியாலத்துக்கு 200 ரூபா வீதம் பெருக்கியபோது, 39,000 ரூபாவுக்குப் பதிலாக 1,625 ரூபா வந்தது. இதை வேலையாட்களிடம் காட்டினால் அடுத்த நாள் பாண் இராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய இரண்டு மாதங்களைப் பதிந்தவர் 21:30 என்பதை நாம் வழக்கமாக எழுதுவதுபோல 21.30 என்று புள்ளி வைத்தே பதிந்திருக்கிறார். அந்தக் கலங்களுக்கு நேர வடிவம் கொடுத்தால் 07:12 என்று காட்டுகிறது. இந்த 07:12 எங்கிருந்து வந்தது என்பதே எனக்கு விளங்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற வணிக ஆசிரியர்

தம்பி, நீங்கள் கேட்ட நான்குக்கும் வேர் ஒன்றுதான். விரிதாளுக்கு மணித்தியாலம் என்ற ஒன்று தெரியாது; அதற்கு ஒரு முழு நாள் என்பது 1, நேரம் என்பது அந்த நாளின் ஒரு பின்னம். காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. கலத்தில் நாம் காணும் 21:30 என்பது அந்தப் பின்னத்துக்குப் போர்த்திய சட்டை மாத்திரமே. கலத்தின் வடிவத்தைப் பொது என்று மாற்றிப் பாருங்கள், 0.895833 என்ற உண்மையான எண் வெளியே வரும்.

இனி உங்கள் கணக்கைப் பாருங்கள். அதிகாலை 5:00 என்பது 0.208333, அதிலிருந்து 0.895833 போனால் மிகுதி மறை 0.6875 (-0.6875). மறைப் பெறுமானமுள்ள நேரத்தைக் காட்ட வழக்கமான அமைப்பில் எக்செலுக்கு இயலாது என்பதால் அது வேலியை அடைக்கிறது. நள்ளிரவைத் தாண்டியதற்காக ஒரு நாளைக் கூட்டினால் 0.3125, அதாவது 7:30 கிடைத்துவிடும். அதைச் செய்யும் சூத்திரம் =மொட்(சி2-பி2,1). (சார்புகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டெழுத வேண்டும்.) பகல் வேலை செய்கிறவர்களுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வந்த நேரத்தையும் போன நேரத்தையும் யாராவது மாற்றிப் பதிந்துவிட்டால், முன்பு வேலி அடைத்துக் காட்டிக்கொடுத்த பிழையை இந்தச் சூத்திரம் ஒழுங்கான நேரம்போலவே காட்டி மறைத்துவிடும். ஆகவே 12 மணித்தியாலத்துக்கு மேல் வரும் நிரைகளைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுத்தொகை பிழைக்கவில்லை. 26 நாள்களின் கூட்டு 8.125, அதாவது எட்டு நாளும் மூன்று மணித்தியாலமும். சாதாரண நேர வடிவம் முழு நாள்களை விட்டுவிட்டு மிச்சமான 3:00ஐ மட்டும் காட்டுகிறது. தனிப்பயன் வடிவத்தில் மணியைக் குறிக்கும் எச் என்ற எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால் 195:00 என்று வரும். சம்பளம் குறைந்ததும் இதனால்தான்: 200ஐ நீங்கள் பெருக்கியது நாள்களால். கூட்டுத்தொகையை 24ஆல் பெருக்கிய பின்னர் வீதத்தால் பெருக்குங்கள். அவ்வாறு பெருக்கிய கலத்துக்கு நேர வடிவம் கொடுக்காமல் எண் வடிவம் கொடுக்க வேண்டும். இதை மறந்து மீண்டும் குழம்புகிறவர்கள் பலர்.

அந்த 07:12இன் கதையும் இதுவே. 21.30 என்பதை விரிதாள் இருபத்தொரு நாளும் 0.30 நாளும் என்று எடுத்துக்கொள்கிறது. 0.30ஐ 24ஆல் பெருக்கினால் 7.2 மணித்தியாலம், அதாவது ஏழு மணி பன்னிரண்டு நிமிடம்.

பதில்: சுன்னாகத்தான்

புள்ளிகளை எல்லாம் ஒரே தடவையில் முக்காற்புள்ளியாக்கலாம். தேடி மாற்றும் வசதியில் புள்ளியைத் தேடச் சொல்லி, முக்காற்புள்ளியை இடச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. எக்செலுக்கு மாற்றான லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் மறை நேரம் -16:30 என்று ஒழுங்காகவே தெரியும் என்பதையும் சொல்லி வைக்கிறேன், செலவும் இல்லை.

பதில்: திருநெல்வேலி மென்பொருள்

மேலே சொன்ன மாற்றத்தைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். எண்ணாகப் பதிந்த 21.30ஐ விரிதாள் 21.3 என்றே வைத்திருக்கிறது. புள்ளியை மாற்றினால் அது 21:3 ஆகி, 21:03 என்று வாசிக்கப்படும். 27 நிமிடம் களவு போய்விடும். 5.00 என்பதோ வெறும் 5 ஆகவே இருப்பதால், மாற்றுவதற்கு அங்கே புள்ளியே இல்லை.

அமெரிக்கப் பங்கு விலைகளைப் பின்னத்தில் எழுதிய காலத்துக்கென வைத்த ஒரு சார்பு இதற்குக் கைகொடுக்கும். டொலர் என்ற சொல்லோடு டி, இ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, =டொலர்டிஇ(பி2,60)/24 என்று எழுதினால், 21.30 முதலில் 21.5 ஆகி, பின்னர் 21:30 என்ற உண்மையான நேரமாகிவிடும். லிப்ரே ஒபிஸிலும் கூகுள் ஷீட்ஸிலும் இது வேலை செய்யும். ஒன்பது மணி ஐந்து நிமிடத்தை 9.5 என்று பதிந்திருந்தால் மட்டும் 9:50 ஆகிவிடும். அவற்றைக் கொப்பியோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மறை நேரத்தைக் காட்டுவதற்காக எக்செலில் நாள்களை 1900க்குப் பதிலாக 1904இலிருந்து எண்ணும் 1904 திகதி முறையைத் தெரிவுசெய்யச் சொல்லி வேறு யாராவது வருவார்கள். ஏற்கெனவே பதிந்த திகதிகள் அனைத்தும் 1,462 நாள்கள் நகர்ந்துவிடும் என்பதால், பழைய கோப்பில் அதைத் தொடக்கூடாது. திகதி என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் 8.125ஐத் திகதி வடிவத்தில் பார்த்தால் எக்செல் 1900 ஜனவரி 8 என்றும், லிப்ரே ஒபிஸ் ஜனவரி 7 என்றும் சொல்லும். 1900ஐ லீப் ஆண்டாகக் கொண்ட லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் பிழையை எக்செல் அப்படியே சுமந்து வந்ததன் விளைவு அது. 1900 மார்ச்சுக்குப் பின் இரண்டும் ஒத்துப்போகும், சம்பளத்துக்குப் பாதிப்பில்லை.

கேட்டவரின் மறுமொழி: வெதுப்பகக் கணக்கு

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் மிக்க நன்றி. 195:00 வந்துவிட்டது, 39,000உம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. எட்டு மணித்தியாலத்தைத் தாண்டினால் மேலதிக நேரம் என்பது எங்கள் கடை வழக்கம். 21:10க்கு வந்து 5:40க்குப் போனவருக்கு அரை மணித்தியால இடைவேளையைக் கழித்தால் சரியாக 8:00 தெரிகிறது. ஆனால் மேலதிக நேர நிரலில் "உண்டு" என்று வருகிறது.

பதில்: ஓய்வுபெற்ற வணிக ஆசிரியர்

மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க நம்மால் இயலாததுபோல, இந்தப் பின்னங்கள் பலவற்றைக் கணினியின் இரும எண்ணில் எழுதி முடிக்க இயலாது. எங்கோ பதினாறாம் தானத்தில் ஒரு துளி கூடியிருக்கும். கண்ணுக்கு 8:00, ஒப்பீட்டுக்கு எட்டை விடப் பெரிது. ஒப்பிடுவதற்கு முன் முழு நிமிடத்துக்கு மட்டந்தட்டுங்கள்: =ரவுண்ட்(டி2*1440,0). ஒரு நாளுக்கு 1,440 நிமிடம் என்பதால் விடை நிமிடங்களில் வரும். அது 480ஐத் தாண்டினால் மாத்திரமே மேலதிக நேரம்.

கேட்டவரின் மறுமொழி: வெதுப்பகக் கணக்கு

சரியாகிவிட்டது, ஐயா. நீங்கள் சொன்னபடி 12 மணித்தியாலத்துக்கு மேற்பட்டவற்றைத் தேடியபோது, ஒருவருக்கு ஒரே இரவில் 16:30 வந்திருந்தது. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வந்த நேரமும் போன நேரமும் இடம்மாறி இருந்தன. பதிந்தது நான்தான்.