மூக்கில் மீண்டும் வளரும் சதை: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மூக்கின் இருபுறமும் பாலிப் எனப்படும் சதை வளர்ந்து அடைத்திருப்பதால், பல ஆண்டுகளாக வாயால்தான் மூச்சு விடுகிறேன். இரவில் தொண்டை வறண்டு விழித்துக்கொள்வதும், பகலில் அலுவலகத்தில் தூங்கி வழிவதும் வழக்கமாகிவிட்டன. அதைவிட, மணம் அறியாத நிலையே என்னைப் பெரிதும் வருத்துகிறது. சாம்பார் ஊசிப்போனதா என்று பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது. சமையல் எரிவாயு கசிந்தாலும் தெரியாது என்பதால் வீட்டில் தனியாக இருக்கவே அச்சமாக உள்ளது.

எண்டோஸ்கோப்பி வழியே அறுவை சிகிச்சை செய்தும் சதை மீண்டும் வளர்ந்துவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் மணம் திரும்புகிறது, நிறுத்தியதும் போய்விடுகிறது. சர்க்கரை உயர்வு, எலும்பு பலவீனம் போன்ற பக்கவிளைவுகள் காரணமாக அதை நீண்டகாலம் தர இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் தொடர்கின்றன. ஆஸ்துமாவும் இருப்பதால், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் எனக்கு ஒவ்வாதவையா என்றும் ஆராய்ந்து வருகிறார்.

இந்நோய்க்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டூபிலுமாப் ஊசியை இங்கு யாரேனும் போட்டுக்கொண்டிருந்தால், மணம் எவ்வளவு காலத்தில் திரும்பியது, நிறுத்திய பின் என்ன ஆனது, காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றதா என்பவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இரண்டாம் முறை அறுவை செய்துகொண்டவர்களும் எழுதுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் யோசனைகளை உறவினர்கள் தேவைக்கு மேல் வழங்கிவிட்டார்கள். அவற்றை மட்டும் தவிர்க்கலாம். வீட்டில் எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் கருவி பொருத்தியிருப்பவர்கள், அது நம்பத்தக்கதா என்றும் சொல்லுங்கள்.