நிருபர் தாத்தாவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லயத்துப் பையன்:
மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்காரர்களுக்குப் பத்திரிகை நிருபர் தாத்தா யார் என்று சொல்லத் தேவையில்லை. பச்சை கப்சாய் மோட்டார் சைக்கிள், ஜோல்னாப் பை. 93 வயதில் போன மாதம் போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்ன சமயம். பாட்டியைப் பார்க்க வந்தார். 1948-இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் தொடங்கிய அவசரகாலத்தில், காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று சோற்றை வெளியே கொண்டுபோக விடமாட்டார்களே, அதைப் பற்றிக் கேட்டார். "கேட்டுல சோதனை போட்டதை நீங்க பாத்திருக்கீங்களாம்மா?" பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே "பாத்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. தாத்தா பேனாவை மூடினார். நோட்டைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "சரிம்மா, ஒரு கோப்பி குடுங்க." அப்புறம்தான் பாட்டி பேச ஆரம்பித்தார். எனக்குப் பதினாறு வயது, திடலில் பந்து விளையாட ஆள் காத்திருந்தார்கள், பாதியில் எழுந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது பாட்டி முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தார். பாட்டி அதை யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார். அவரும் எழுதியதாகத் தெரியவில்லை. யாரிடமாவது சொன்னாரா?

மகிழம்பூ:
என்னிடம் இல்லை. நான் பார்த்தது சுடுகாட்டில். எங்கள் தாத்தாவின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர். அவர் மனைவியின் கல்லறையில் எழுத்தே தெரியாது, பாசி. நிருபர் ஐயா உச்சி வெயிலில் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் குடையைப் பிடித்துக் கல்லுக்கு நிழல் கொடுக்கச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. கடைசி வரியில் 'புருஷன் சயாமில்' என்று மட்டும் இருந்தது. இறந்தார் என்று போடவில்லை. "காத்திருந்திருக்காங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஈப்போவாசி:
நல்ல மனுஷன், ஆனால் விடாக்கண்டன். ஒரு கோயில் மண்டபக் கூட்டத்தில் பேசியவர், 1948 ஜூன் 16-இல் எல்ஃபில் தோட்டத்தில் மூன்று துரைகளைச் சுட்டார்கள், அதில்தான் அவசரகாலம் வந்தது என்றார். இவர் நடுவில் எழுந்து, "எல்ஃபில்ல ஒருத்தர்தான், மத்த ரெண்டு பேர் பின் சூன் தோட்டம்" என்றாரே பார்க்கலாம். பேசியவர் முகம் சுருங்கிப்போனது. அவ்வளவு பேருக்கு முன்னால் அது தேவையா என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பழைய கிராணி மகள்:
ஈப்போவாசி, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. துண்டுச் சீட்டு எழுதி என் கையில் கொடுத்துத்தான் மேடைக்கு அனுப்பினார். பேசியவரே அதை உரக்கப் படித்துவிட்டுக் கடுகடுத்தார். அவர் சொன்னதும் சரிதானே? சுடப்பட்டவர்களுக்கும் ஊர் உண்டு என்பார்.

ஈப்போவாசி:
சீட்டு வேறு கூட்டம்.

பழைய கிராணி மகள்:
ஒரே கூட்டம்தான். மழை பெய்து கரண்ட் போனதே, ஞாபகம் இல்லையா?

மூணாங்கட்டை:
சண்டை போடாதீர்கள். தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது ஒட்டுக்கடையில் அவரைப் பார்த்தேன். கடைசி இதழில் மூன்று பிரதி வாங்கி மடிக்காமல் பிடித்திருந்தார். 1924-இல் தொடங்கிய பத்திரிகை. "எங்கப்பனைவிட நெருக்கம்" என்றார். அவ்வளவுதான் என் கதை.

இதைச் சொல்ல வந்தேன்: வீட்டில் பழைய பேப்பர் வெட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் ஆகாது. வெப்பத்தில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். ரப்பர் பால்மரத்து ஊர்க்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? பத்திரிகைத் தாளில் புளிப்பு உண்டு, தானாகவே பழுத்து நொறுங்கும். அதனால் முதலில் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பத்திரிகை, என்ன தேதி என்று தனியாக எழுதி வையுங்கள். தேதி போன வெட்டு பாதி செத்தது. ஃபிலிம் சுருள் இருந்து புளிக்காடி வாசம் அடித்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நிருபர் தாத்தா மைலோ டின்னில் வைத்திருந்தார், அதுவும் சரியில்லை, நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். நான் சொன்னேன், கேட்கவில்லை.

மகிழம்பூ:
அந்த டின்கள் இப்போது எங்கே?

மூணாங்கட்டை:
பாதி பழைய பேப்பர்காரனிடம் போனதாகக் கேள்வி. மீதி மகள் வீட்டில்.

பழைய கிராணி மகள்:
லயத்துப் பையன், பாட்டி எழுத வேண்டாம் என்று சொன்னாரா?

லயத்துப் பையன்:
நான் இருந்தவரை சொல்லவில்லை. போனபிறகு தெரியாது. அன்றைக்கு இரண்டு கோல் போட்டேன், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.