மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் வலி போகவில்லை: இது புராஸ்டேட் அழற்சிதானா?

கேள்வி (அம்பாசமுத்திரம், வயது 27):
விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஐந்து மாதங்களாக மந்தமான வலி இருக்கிறது. சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் நிற்பதுபோல் தோன்றுகிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குத் தினமும் பைக்கில் போய்வருவதால் சூடு பிடித்திருக்கும் என்று வீட்டில் வெந்தயமும் பதநீரும் கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவர், சோதனை எதுவும் எடுக்காமல், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி என்று சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். சாப்பிடும்வரை குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. நான்காவது முறையும் சாப்பிடலாமா?

பதில் (சிறுநீரியல் மருத்துவர், பாளையங்கோட்டை):
கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை, பார்க்காமல் வேண்டாம். மாத்திரை உடம்பில் இருக்கும்போது எடுத்தால் கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம் என்பதால், இடைவெளி விட்டு, மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் புராஸ்டேட்டை அழுத்திவிடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை சிறுநீர் எடுத்து ஒப்பிட வேண்டும். பின்னதில் மட்டும் கிருமி மிகுந்தால்தான் நாள்பட்ட பாக்டீரியா அழற்சி. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவைப்படும். உங்களைப் போன்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படி எதுவும் வளர்வதில்லை. அது நாள்பட்ட இடுப்பறை வலி. சிப்ரோஃபிளாக்சசினுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் சிறிது உண்டு, ஆகவே வலி குறைந்ததை வைத்துக் கிருமி இருந்தது என்று முடிவுசெய்ய முடியாது. அந்த மாத்திரை குதிகால் தசைநாரைப் பாதிக்கக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். உடலுறவுப் பழக்கம் இருந்தால் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கான சோதனைகளும் தேவை. புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தச் சோதனை இந்த வயதில் பெரும்பாலும் வேண்டியதில்லை. குளிர்காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ வந்தால் மட்டும் அன்றைக்கே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்தத் தீவிர நிலையில் சுரப்பியை அழுத்தவே கூடாது.

பதில் (லாரி ஓட்டுநர், தென்காசி):
தம்பி, எனக்கும் இதேதான். லாட்ஜில் வந்து உட்காரும் ஒரு வைத்தியர் தாது நஷ்டம் என்று சொல்லி லேகியத்துக்குப் பணம் வாங்கியதுதான் மிச்சம். கல்ச்சரில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மாத்திரையோடு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். இடுப்பின் அடித்தளத் தசையை நான் அறியாமலே நாள் முழுவதும் இறுக்கிப்பிடித்திருந்தேனாம்; அதைத் தளர்த்தப் பழகவே இரண்டு மாதம் ஆயிற்று. வண்டியை மணிக்கொரு முறை நிறுத்தி நடக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணாச்சி. தை மாதம் திருமணம் வைத்திருக்கிறார்கள். மனைவிக்குத் தொற்றுமா டாக்டர்?

மருத்துவர்:
இடுப்பறை வலி தொற்றாது. கிளமிடியா, கொனோரியா சோதனைகளை மட்டும் திருமணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.