சத்தமே இல்லாமல் வந்து நின்ற லம்போர்கினி: ஹைபிரிட் சூப்பர்கார் பார்த்தவர்கள், ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசிஆர் டீ கிளாஸ்:

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நானும் என் பையனும் கோவளம் தாண்டி ஒரு டீக்கடையில் நிற்பது வழக்கம். மாமல்லபுரம் பக்கம் போகிற பெரிய வண்டிகளைப் பார்க்கத்தான். பார்க்க என்று பேருக்குச் சொல்கிறேன், உண்மையில் போவது கேட்க. லம்போர்கினி அவென்டடோர் வருகிறது என்றால் கண்ணில் படுவதற்கு முன்பே காது சொல்லிவிடும். டீ மாஸ்டர்கூட பாய்லரை விட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு ரெவுவெல்டோ வந்தது, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த லம்போர்கினியின் ஹைபிரிட். வந்ததே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கடைக்கு முன்னால் மணல் ஓரத்தில் நிற்கிறது. டயருக்கடியில் ஜல்லி நொறுங்கிய சத்தம் மட்டும்தான். பையன் என் சட்டையை இழுத்து, "அப்பா, ரிப்பேரா? தள்ளிக்கிட்டு வந்தாங்களா?" என்றான்.

ஓட்டி வந்தவர் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். நல்ல மனிதர், பையனைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். 'சிட்டா' மோடில் வந்தாராம். அதில் மின்மோட்டார் மட்டும்தான் ஓடும், 180 குதிரைத்திறனுக்கு மேல் தராது. பேட்டரி 3.8 கிலோவாட்-மணிதான், சுமார் பத்து கிலோமீட்டர் போகலாம். "விடியக்காலைல தெருவுல கிளம்பினா யாரும் திட்டறதில்ல சார், எனக்கு அதுவே போதும்" என்றார். முன்பு வைத்திருந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுமாம்.

கிளம்பும்போது ஸ்டியரிங்கில் ஒரு குமிழைத் திருப்பினார். 6.5 லிட்டர் வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், எழுந்தது. கும்பகர்ணனை எழுப்ப யானையும் முரசும் வேண்டியிருந்தது, இவனுக்கு ஒரு குமிழ் போதும். டீக்கடை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தான்.

எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். மாசு விதிகள் இறுகிவரும் காலத்தில், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்கு ஊட்டும் கருவி) இல்லாத ஒரு வி12 825 குதிரைத்திறனோடு இன்னும் உயிரோடு இருப்பதில் மின்சாரத்துக்கும் பங்கு உண்டு. மோட்டார்கள் மூன்றையும் சேர்த்தால் 1,015. அவென்டடோரில் கியர்பாக்ஸ் இருந்த, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள சுரங்கத்தில் இப்போது பேட்டரி படுத்திருக்கிறது, கியர்பாக்ஸ் இன்ஜினுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கான வாடகை எடையில் தெரிகிறது. கடைசி அவென்டடோரான அல்டிமே 1,550 கிலோ, இது 1,772. இரண்டுமே எண்ணெய், தண்ணீர் ஊற்றாத எடை. மூன்று ஆட்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமலேயே டீயைக் குடித்து முடித்தேன். உங்களுக்கு எப்படி?

கிள்ளான்காரன்:

சூப்பர்கார் ஓட்டுகிற வசதி எனக்கு இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் எனக்கு 2014லேயே மலேசியாவின் செப்பாங் ரேஸ் மைதானத்தில் வந்துவிட்டது.

2013இல் மாமாவோடு எஃப்1 பார்க்கப் போனேன். 2.4 லிட்டர் வி8, 18,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). காதில் ஸ்பாஞ்ச் அடைத்தும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மறுவருடம் அதே வரிசையில் டிக்கெட் எடுத்தோம், இந்த முறை 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட். இரண்டு லாப் போனதும் ஸ்பாஞ்சைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுவிட்டோம். கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று பேசினோம் என்றால் பாருங்கள். மாமா சொன்னது: "என்னடா இது, தோட்டத்துல புல்லு வெட்டுற மெசினாட்டம் இருக்கு."

ஆனால் புதிதாகச் சிலது கேட்டது. பிரேக் போடும்போது டயர் கீச்சிடுவது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் டர்போ சீட்டியடிப்பது. முன்பு அதெல்லாம் வி8 அலறலுக்கு அடியில் அமுங்கிப்போயிருக்கும். இன்னொன்று, 2013 வண்டிகளிலும் கெர்ஸ் என்ற பேரில் மின்மோட்டார் இருந்தது, 2009இலேயே வந்துவிட்டது. அப்போது யாரும் ஹைபிரிட் என்று மூக்கைச் சிந்தவில்லை. சத்தம் இருந்தது, அதனால் மன்னித்துவிட்டோம்.

மாமா அதற்கப்புறம் வரவில்லை. நான் 2017இல் செப்பாங்கில் கடைசி ரேஸ் நடக்கும் வரை போனேன்.

துபாய் வாலே:

ஹோட்டலில் வண்டி பார்க் செய்கிற வேலை, ஒன்பது வருடம். நம் கை படாத வண்டி குறைவு.

முதல்முறை இப்படி ஒரு வண்டி வந்தபோது (இத்தாலி வண்டி, அதற்கு மேல் கேட்காதீர்கள்) கெஸ்ட் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உட்கார்ந்து ஸ்டார்ட் கொடுத்தேன். திரையில் விளக்கு வந்தது, சத்தம் வரவில்லை. ஆகவில்லை போல என்று மறுபடி அழுத்தினேன், விளக்கு அணைந்தது. மறுபடி. மறுபடி. பின்னால் லேண்ட் குரூசர்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து ஜன்னலில் தட்டி, "டேய், வண்டி ஆன்ல தான்டா இருக்கு, ஓட்டுடா!" என்றார். வியர்த்துவிட்டது எனக்கு.

ரிவர்ஸ் கதை இன்னும் பெரியது. ஃபெராரி எஸ்எஃப்90, மெக்லாரன் ஆர்டுரா இரண்டிலும் கியர்பாக்ஸுக்குள் ரிவர்ஸ் கியர் என்று ஒன்று கிடையாது, தெரியுமா? மின்மோட்டாரைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டுத்தான் பின்னால் போகும். அந்த ரிவர்ஸ் பற்சக்கரங்களின் எடை மிச்சம். மூளையான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசலில் செடிக்குத் தண்ணீர் விடுகிற பெரியவருக்கு அது தெரியாது. பழைய வி8 என்றால் அதுவே உறுமி வழி விலக்கிக்கொள்ளும். இது பூனை மாதிரி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, அவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறார். இப்போது இந்த மாதிரி வண்டி பின்னால் வந்தால் எங்களில் ஒருவன் கூடவே நடந்து "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஆயிரம் குதிரை பூட்டிய வண்டிக்கு மணியடிக்க ஒரு ஆள்.

பேஸ்மென்டில் மட்டும் இந்த வண்டிகள் சொர்க்கம். புகை இல்லை, எதிரொலி இல்லை, மற்ற கார்களின் அலாரம் கூவுவதும் இல்லை.

மூன்றாம் மாடி:

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர் பிஎம்டபிள்யூ ஐ8 வாங்கினார். 2015இல் இந்தியாவில் அது 2.29 கோடி. அதைச் சூப்பர்கார் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, பின்னால் இருப்பது 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் என்பதால். சத்தத்தைக்கூட ஸ்பீக்கர் வழியாகத்தான் தூக்கிக் காட்டும். கதவு இறக்கை விரித்தால் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அவர் பார்க்கிங்கில் இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டார். அது காமன் மீட்டர். அசோசியேஷன் மீட்டிங் ஒன்றரை மணி நேரம் நடந்தது. மொத்த பேட்டரியும் 7 யூனிட்தான், முழுசாக ஏற்றினாலும் ஒரு மசால் தோசைக் காசு. "காசு பெருசில்ல, முறைன்னு ஒன்னு இருக்கில்ல" என்று செயலாளர் மேஜையைத் தட்டினார். கடைசியில் மாதம் 300 ரூபாய் என்று தீர்மானம் போட்டார்கள். என் நினைவில் ஹைபிரிட் என்றால் இதுதான்.

முனிச் தம்பி:

நான் கிண்டல் செய்யத்தான் போனேன், முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியின் மரனெல்லோவில் ஃபெராரி தொழிற்சாலையைச் சுற்றி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து வாடகைக்கு ஓட்டக் கொடுக்கிற கடைகள் உண்டு. பல வருடம் முன்பு அங்கே 458 ஓட்டியிருக்கிறேன். 4.5 லிட்டர், டர்போ கிடையாது, 9,000 ஆர்பிஎம் வரை கத்தும். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. போன வருடம் 296 ஜிடிபி எடுத்தேன். வி6. ஃபெராரியில் வி6, அதிலும் இரண்டு டர்போ, பேட்டரி வேறு. உதட்டைப் பிதுக்கிக்கொண்டே உட்கார்ந்தேன்.

ஊருக்குள் மின்மோட்டார் மட்டும் ஓடும் இ-டிரைவ் மோடில் போனோம். ஒரு பாட்டி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஃபெராரி பிறந்த ஊரில், ஃபெராரியில் உட்கார்ந்து இப்படி ஒரு அவமானம்! அப்புறம் செர்ராமத்ஸோனி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றினேன்.

இந்த இன்ஜினை அதைச் செய்தவர்களே 'குட்டி வி12' என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்களாம். விளம்பரப் பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை. 120 டிகிரி விரிந்த வி6, 8,500 வரை ஏறும்போது நிஜமாகவே ஒரு ராகம் இருக்கிறது. ஆனால் என்னை மடக்கியது சத்தம் இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது காலை வைத்த அந்தக் கணமே வண்டி கிளம்புகிறது. டர்போ மூச்சு வாங்குவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அந்த இடைவெளியை மோட்டார் நிரப்பிவிடுகிறது. எங்கே மின்சாரம் முடிந்து எங்கே பெட்ரோல் ஆரம்பிக்கிறது என்று தையல் தெரியவே இல்லை.

சரி, பிடிக்காதது? பூஜ்யத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு 7.3 விநாடி. பொது ரோட்டில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 458இல் இரண்டாவது கியரைக் கடைசி வரை கத்தவிட்டு, மூன்றாவது போட்டு, ஏதோ சாதித்த திருப்தி இருக்கும். இதில் கால்வாசி அழுத்துவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. 830 குதிரையில் முக்கால்வாசியை நான் பார்க்கவே இல்லை. பிரேக்கும் மின்கம்பி வழி உத்தரவுதான். நன்றாகவே பிடிக்கிறது, ஆனாலும் காலுக்கும் டிஸ்குக்கும் நடுவில் யாரோ மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

இறங்கும்போது பக்கத்தில் இருந்தவர், 458 பிடிக்குமா இது பிடிக்குமா என்று கேட்டார். வேகத்துக்கு இது, ஞாபகத்துக்கு அது என்றேன். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சிரித்தார். கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

ஸ்கார்பரோ ஸ்பானர்:

தம்பிமார் ஓட்டுகிற கதை சொல்கிறீர்கள், நான் கழற்றுகிற கதை சொல்கிறேன். கனடாவில் இந்த வாகனங்கள் நவம்பரில் போர்வைக்குள் போனால் ஏப்ரலில்தான் வெளியே வரும். பனியும் உப்பும் போட்ட ரோட்டில் யார் எடுப்பார்கள்?

ஏப்ரலில் போன் வரும். "அண்ணை, வாகனம் எழும்புதில்லை." போய்ப் பார்த்தால் பெரிய பேட்டரி சுகமாக இருக்கும். செத்துக் கிடப்பது 12 வோல்ட் குட்டிப் பேட்டரி. அதுதான் கணினிகளை எழுப்பவேண்டும், பெரியதுக்குக் கதவு திறக்கவேண்டும். வீடு நிறைய நெல் இருந்தும் திறப்பைத் (சாவியைத்) தொலைத்த கதை. சார்ஜரில் போட்டு வையுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் போன் வருகிறது.

உள்ளே கை வைப்பதென்றால் சடங்கு அதிகம். செம்மஞ்சள் உறை போட்ட கேபிள் எல்லாம் உயர் மின்னழுத்தம். ரப்பர் கையுறையை வாய்ப்பக்கமாகச் சுருட்டி, காற்றை அடைத்து, விரல் நுனியில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்ப்பேன். பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, காத்திருந்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பானர். ஒரு காலத்தில் காரைத் தொட்டதும் எந்தச் சிலிண்டர் நொண்டுகிறது என்று கைக்குத் தெரியும். இப்போது தொட முதல் கும்பிட்டுவிட்டுத் தொடவேண்டும்.

என் கவலை சத்தமும் இல்லை, எடையும் இல்லை. 1960களின் ஒரு வி12க்கு பிஸ்டன் வேண்டுமென்றால் இன்றைக்கும் கடைந்து தர ஆட்கள் இருக்கிறார்கள். 2013இல் வந்த ஹைபிரிட்களான போர்ஷே 918, மெக்லாரன் பி1, லாஃபெராரி மூன்றையும் நினைத்துப் பாருங்கள். முறையே 918, 375, 499 வண்டிகள் என்று எண்ணிச் செய்தவை. இன்னும் முப்பது வருடம் கழித்து அந்தப் பேட்டரிக்கும் அதன் மென்பொருளுக்கும் யாரிடம் போவது? ஃபெராரி தன் ஹைபிரிட்களுக்கு எட்டாவது வருடமும் பதினாறாவது வருடமும் பேட்டரியை மாற்றித் தருகிற திட்டத்தை 2024இல் அறிவித்தது. நல்லது. பதினேழாவது வருடத்தில் இருந்து கணக்கு?

அதற்காக இவற்றை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். புகாட்டி டூர்பியோனில் 8.3 லிட்டர் வி16, டர்போ கிடையாது, கூட மூன்று மோட்டார். முந்தைய புகாட்டியில் நாலு டர்போ இருந்தது. மின்சாரம் வந்து டர்போவை வெளியே அனுப்பியிருக்கிறது! அந்த வரைபடத்தை இரவு இரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈசிஆர் டீ கிளாஸ்:

ஸ்கார்பரோ அண்ணா, நெல்லும் திறப்பும் உதாரணத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். துபாய்க்காரரே, அந்தத் தோட்டக்காரப் பெரியவர் என்ன பாட்டு முணுமுணுத்தார் என்று சொல்லவே இல்லையே.

நேற்று ஞாயிறு, அதே ரெவுவெல்டோ மறுபடி வந்தது. அதே மாதிரி சத்தமில்லாமல். இந்த முறை பையன் ரிப்பேரா என்று கேட்கவில்லை. கடைக்குள் ஓடிப்போய் ஸ்டாண்டில் இருந்த கிளாஸ்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கத்தினான்.