வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் தயாராகும்போது எங்கே கோட்டை விட்டீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, பத்து நாள் பயணத்துக்கு இது போதாதா என்று கிளம்பிவிட்டேன். செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தத் தேதிமேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையில் மாதங்களை எண்ணினார். அப்புறம் ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நாங்கள் போகவிருந்த நாட்டில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டுமாம். விசா, டிக்கெட், ஓட்டல் முன்பதிவு எல்லாம் கையில் இருந்தும் எதுவும் எடுபடவில்லை. என் மகள் பெட்டிமேல் உட்கார்ந்து, "அப்பா, நாம போறோமா இல்லையா?" என்று நாலு தடவை கேட்டாள்.

அன்றைக்கு அந்தப் பெண்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. போய் இறங்கும் இடத்தில் உள்ளே விடாவிட்டால் நம்மைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் நாட்டு வாரியாக விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். எல்லா நாட்டுக்கும் ஆறு மாதம் என்றும் இல்லை. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தால் போதும், ஆனால் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். யாரோ சொன்னதை நம்பாமல் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள்.

—

நீங்களாவது கவுன்ட்டர் வரை போனீர்கள்! எங்கள் டிக்கெட்டில் 12ஆம் தேதி, 00:40 என்று போட்டிருந்தது. நாங்கள் 12ஆம் தேதி சாவகாசமாகப் பெட்டி கட்டி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு இரவு 9:40க்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், விமானம் கிளம்பி முழுசாக 21 மணி நேரம் ஆகியிருந்தது. போகும் விமானத்தில் ஏறாததால் திரும்பி வரும் டிக்கெட்டும் ரத்து. இப்போதெல்லாம் நள்ளிரவு விமானம் என்றால் நாள்காட்டியில் முந்தின நாள் கட்டத்தில் "இன்று இரவு கிளம்பணும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன்.

—

என் கதை சின்னதுதான். போய் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கி, பழைய சிம்மைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் மடித்து ஓட்டல் மேஜைமேல் வைத்தேன். மறுநாள் அறையைச் சுத்தம் செய்தவர் குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியுமா? அன்று மாலை ரயில் டிக்கெட் வாங்கக் கார்டைப் போட்டால், ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகிறது. ஊர் திரும்பும் வரை ஆன்லைனில் ஒரு காசு செலுத்த முடியவில்லை. இப்போது போன் ஏற்கும் என்றால், கார்டு செருகாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம்தான், பழைய சிம் போனிலேயே இருக்கும், அதில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுவேன். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளிநாட்டுக் கடையில் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று பாசமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், அந்தப் பாசத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மோசமான மாற்று விகிதம் இருக்கும்.

—

மருந்து விஷயத்தை யாருமே சொல்லவில்லையே. அம்மாவின் மாத்திரைகளையெல்லாம் அட்டையிலிருந்து பிரித்து, கிழமை போட்ட டப்பாவில் அழகாக அடுக்கி எடுத்துப் போனேன், பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. சுங்கத்தில் அதைத் திறந்து, "இந்த வெள்ளை மாத்திரை என்ன, இந்த இன்னொரு வெள்ளை மாத்திரை என்ன?" என்று கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. மருந்துச் சீட்டு அம்மாவின் கைப்பையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் விட்டார்கள். அட்டையோடு, சீட்டோடு, கைப்பெட்டியில் எடுத்துப் போவதுதான் சரி, பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தவறாது. அப்புறம், நம் வீட்டில் சளிக்குச் சாதாரணமாகப் போடும் மருந்து எல்லா நாட்டிலும் சாதாரணம் இல்லை. ஜப்பானில், மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தைக் கொண்டுபோகவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் கலந்த மருந்துக்கு முன் அனுமதி வேண்டும்.

—

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். பவர் பேங்க் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பெட்டியில்தான். 100 வாட்-ஹவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) மட்டும் போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 20,000 என்றால் 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை.

என் பாஸ்போர்ட் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். அவசர அவசரமாகப் புதுப் பாஸ்போர்ட் வாங்கி, இனி யாரும் நம்மை அசைக்க முடியாது என்று இருந்தபோதுதான் மனைவி கேட்டாள், "இ-விசாவில் பழைய நம்பர்தானே இருக்கு?" மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தோம்.